சமாரியாவில் இறங்குவதற்கு முன்: முதல்முறை செல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிரீட் தீவின் சமாரியா மலையிடுக்கு கடலைத் தொடும் இடத்தில் அகியா ரூமேலி என்ற சிற்றூர் இருக்கிறது. அந்த ஊருக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. காலையில் ஒரு பஸ் உங்களை மலைமேல் இறக்கிவிடும். மாலையில் ஒரு படகு கடற்கரையிலிருந்து ஏற்றிக்கொண்டு போகும். நடுவில் உள்ள 16 கிலோமீட்டரை, ஏறக்குறைய முழுவதையும், கால்களால்தான் கடக்க வேண்டும். முதல்முறை போகிறவர்களின் திட்டம் குழம்புவது பெரும்பாலும் இதை மறப்பதால்தான். வாடகைக் காரை மேலே நிறுத்திவிட்டுக் கடற்கரைக்கு இறங்கியவர், அந்தக் காரை மீட்க ஒரு படகும் பஸ்ஸும் டாக்ஸியும் பிடித்து அலைவது அங்கே வாடிக்கையான காட்சி. அதனால் இந்தக் கட்டுரையில் படகை முதலில் பேசிவிட்டு நடைக்கு வருகிறேன்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. கிரேக்கத்தின் கிரீட் தீவில், தென்மேற்கு மூலையில் வெள்ளை மலைகள் என்ற சுண்ணாம்புக்கல் மலைத்தொடர் நிற்கிறது. அதன் உச்சிகள் 2,400 மீட்டரைத் தாண்டுகின்றன. அந்த மலைத்தொடரை வடக்கிலிருந்து தெற்காகப் பிளந்துகொண்டு லிபியக் கடலில் முடிகிறது சமாரியா. 1962இல் இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1981இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்ந்தது. பூங்கா அமைவதற்கு முக்கியக் காரணம் கிரி-கிரி என்று அந்த ஊர்க்காரர்கள் அழைக்கும் காட்டு ஆடு. வேட்டையால் அதன் எண்ணிக்கை 1960 வாக்கில் 200க்கும் கீழே போயிருந்தது. ஆட்டைக் காப்பாற்றியதில் ஊர் ஒன்று காலியானது: மலையிடுக்கின் நடுவே வாழ்ந்துவந்த சமாரியா கிராமத்துக் குடும்பங்கள் பூங்காவுக்காக வெளியேற்றப்பட்டன. அவர்களின் கல் வீடுகளைப் பாதி வழியில் பார்ப்பீர்கள்.

எப்போது போவது

வாசல் மே மாதத் தொடக்கத்தில் திறந்து அக்டோபர் இறுதியில் மூடும். குளிர்காலத்தில் ஓடை பெருக்கெடுத்துப் பாதையையே விழுங்கிவிடும் என்பதால் அனுமதி இல்லை. பருவத்துக்குள்ளும் மழை எச்சரிக்கை வந்தாலோ வெயில் எல்லை மீறினாலோ அன்றைக்கு மூடிவிடுவார்கள். முதல்நாள் மாலை தங்குமிடத்தில் ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது.

என்னைக் கேட்டால் மே பின்பாதி, அல்லது செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடு வரை. மே மாதத்தில் ஓடையில் நீர் இருக்கும், பூக்கள் இருக்கும். சில இடங்களில் கல்லிலிருந்து கல்லுக்குத் தாவ வேண்டியிருக்கும், கால் நனையலாம். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் வெயிலும் போட்டி போடும். சென்னை வெயிலில் பழகிய உடம்பு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடைசி ஐந்தாறு கிலோமீட்டரில் நிழல் அரிது, இரண்டு பக்கமும் வெள்ளைப் பாறைச் சுவர் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும்.

படகு, பஸ், முந்தைய இரவு

அகியா ரூமேலியிலிருந்து மாலைப் படகு இரண்டு திசைகளில் போகிறது. மேற்கே சூகியா, கிழக்கே லூத்ரோ வழியாக ஹோரா ஸ்ஃபாகியோன். இரண்டு ஊர்களிலிருந்தும் தீவின் வடகரையில் உள்ள ஹானியா நகரத்துக்குப் பஸ் உண்டு. மலையிடுக்கில் இறங்கி வருகிறவர்களுக்காகவே ஓடும் பஸ்கள் என்பதால் படகு வரும்வரை காத்திருக்கும். படகு நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். பெரும்பாலும் மாலை ஐந்தரை மணியை ஒட்டி இருக்கும். ஆனால் பழைய அட்டவணையை நம்ப வேண்டாம், படகு நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த வாரத்து நேரத்தைப் பாருங்கள். அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். சாதாரண நடைக்காரருக்கு இறக்கம் ஐந்து முதல் ஏழு மணி நேரம். டிக்கெட் வாங்க, குளிர்ச்சியாக எதையாவது குடிக்க, கடலில் காலை நனைக்க ஒன்றரை மணி நேரம். அப்படியானால் காலை எட்டு மணிக்குள் நீங்கள் மேலே வாசலில் நிற்க வேண்டும். ஏழு மணிக்கு நின்றால் இன்னும் நல்லது.

ஹானியாவில் விமான நிலையம் இருக்கிறது. ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பலிலும் ஹானியாவுக்கு அருகிலுள்ள சூடாவில் வந்து இறங்கலாம். நகரப் பேருந்து நிலையத்திலிருந்து அதிகாலையில், மேல் வாசலுக்குக் கொண்டுபோகும் ஓமலோஸ் பஸ் கிளம்பும். திரும்பும் பஸ்ஸுக்கான டிக்கெட்டையும் அங்கேயே கேட்டு வாங்கிவிட்டால் மாலையில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வாங்கும்போது சூகியா வழியா, ஸ்ஃபாகியோன் வழியா என்று தெளிவாகச் சொல்லுங்கள். படகு மாறி ஏறினால் டிக்கெட் வீண்.

ஹானியாவிலிருந்து வரும் முதல் பஸ்களோடு பெருங்கூட்டமும் வந்துவிடும். அதைத் தவிர்க்க எளிய வழி முந்தைய இரவை ஓமலோஸில் கழிப்பது. ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள சமவெளி அது. சுற்றிலும் மலை, நடுவே மேய்ச்சல் நிலம், சில எளிய விடுதிகள். கோடையிலும் இரவில் ஸ்வெட்டர் கேட்கும். வாசலுக்கு அங்கிருந்து சில நிமிடப் பயணம்தான். விடுதிக்காரர்களே பலர் காலையில் கொண்டுபோய் விடுகிறார்கள்.

இன்னொரு யோசனை, இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன்: நடந்து முடித்த இரவை அகியா ரூமேலியிலேயே கழியுங்கள். மாலைப் படகைப் பிடிக்க வேண்டிய ஓட்டம் இல்லாமல் போனால் நடையின் குணமே மாறிவிடும். மரத்தடியில் அரைமணி உட்காரலாம். மூட்டு வலித்தால் மெதுவாக வரலாம். கடல் கொந்தளித்துப் படகு நின்றுபோனால் ஆயிரம் பேர் அறை தேடி அலையும்போது உங்களிடம் சாவி இருக்கும். அறைகள் குறைவு, முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

காலில் என்ன, பையில் என்ன

முழுக்க இறக்கம்தானே என்று நினைக்காதீர்கள். வெள்ளியங்கிரியோ சதுரகிரியோ போய் வந்தவர்களுக்குத் தெரியும், ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும். இங்கே 1,200 மீட்டருக்கு மேல் உள்ள வாசலிலிருந்து கடல்மட்டம் வரை இறங்குகிறீர்கள். படிகள் சீரில்லாதவை, பல தலைமுறைக் கால்கள் தேய்த்து வழவழப்பாக்கிய கற்கள், அதற்குப் பிறகு மணிக்கணக்கில் ஆற்றுக் கூழாங்கல். எனவே அடிப்பாகம் தடித்த, பிடிப்புள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ வேண்டும். புது ஷூ கூடாது. செருப்பில் வருகிறவர்களைக் காவலர்கள் வாசலிலேயே தடுப்பதுண்டு, அது நியாயமும்கூட. கால் நகங்களை முந்தைய நாளே வெட்டிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடித்துக்கொண்டே இருக்கும். ஊன்றுகோல் ஒன்று இருந்தால் மறுநாள் படி ஏறும்போது அதன் அருமை தெரியும்.

தண்ணீருக்கு ஒரு லிட்டர் பாட்டில் போதும். வழியில் ஓய்விடங்கள்தோறும் ஊற்றுநீர்க் குழாய்கள் இருக்கின்றன. நீர் குளிர்ச்சியாக, சுவையாக இருக்கும். ஆனால் அவை பெரும்பாலும் மேல் பாதியிலும் நடுவிலும்தான். பாறைச் சுவர்கள் நெருங்கும் பகுதிக்குள் நுழையும் முன் கடைசியாக நிரப்பிக்கொள்ள வேண்டும்.

உணவு உள்ளே எங்கும் விற்கப்படுவதில்லை. ரொட்டி, பழம், கொட்டைகள், உப்புள்ள ஏதாவது ஒன்று. சைவ உணவுக்காரர்களுக்குக் கிரீட்டில் கவலையே வேண்டாம்: ஹானியா பேக்கரிகளில் கீரை அடைத்த பை கிடைக்கும், பார்லி ரஸ்க் காய்ந்ததாக இருப்பதால் பையில் கெடாது. தொப்பி, வெயில் களிம்பு, காலைக் குளிருக்கு மெல்லிய மேலாடை, கொப்புளத்துக்குப் பிளாஸ்டர், குப்பைக்கு ஒரு பை. கையில் ரொக்கமும் இருக்கட்டும். கைப்பேசிச் சிக்னல் பெரும்பாலான இடங்களில் இருக்காது. வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் பாதை தவற வழியே இல்லை. இரண்டு பக்கமும் மலை.

இறங்குதல்

நுழைவுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே வெளியேறும்போது திரும்பக் கேட்பார்கள். உள்ளே போனவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று பார்க்க அதுவே அவர்களுக்கு வழி.

வாசல் இருக்கும் இடத்தின் பெயர் க்ஸிலோஸ்காலோ. எதிரே கிங்கிலோஸ் என்ற பாறை மலை செங்குத்தாக நிற்கும். காலை வெளிச்சம் முதலில் அதன் முகத்தில்தான் விழும். அங்கிருந்து பாதை வளைந்து வளைந்து, மரக் கைப்பிடிகளோடு, வேகமாகக் கீழே போகிறது. முதல் நான்கு கிலோமீட்டருக்குள் மொத்த இறக்கத்தில் ஏறத்தாழ பாதி முடிந்துவிடும். எல்லோரும் புத்துணர்ச்சியோடு துள்ளி ஓடுவது இங்கேதான். சுளுக்கு விழுவதும் இங்கேதான். முன்னால் போகிறவரை முந்தும் ஆசையை விட்டுவிடுங்கள். சிறிய அடி, முழங்கால் லேசாக மடங்கியபடி.

மெதுவாகப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: காடு இங்கே இருக்கிறது. சுவரொட்டிகளில் எல்லாம் கீழே உள்ள குறுகலான பாறை வாயில்தான் இடம்பெறும், அதைப் பார்த்துவிட்டு வருகிற கூட்டம் மேல் காட்டைத் தாண்டவேண்டிய தூரமாக மட்டும் நினைத்து ஓடுகிறது. என் கணக்கில் சமாரியாவின் செல்வம் மேல் பாதிதான். மத்தியதரைக் கடற்கரையின் பல பகுதிகளில் ஆடும் கோடரியும் சேர்ந்து பழங்காடுகளை எப்போதோ தீர்த்துவிட்டன. இங்கே சரிவு மிகச் செங்குத்து, மரத்தை வெட்டினாலும் வெளியே கொண்டுபோவது கடினம். அதனால் தப்பியவை நிற்கின்றன.

இரண்டு மரங்களைப் பிரித்தறியப் பழகினால் போதும். ஊசியிலைகள் நீளமாக, கிளை தளர்வாக, கீழே பழுப்புக் கம்பளம் விரித்திருப்பது கலாப்ரியப் பைன். இன்னொன்று சைப்ரஸ். ஐரோப்பியக் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுவத்திபோல ஒடுங்கி நிற்கும் சைப்ரஸைத்தான் நாம் படங்களில் பார்த்திருப்போம். இங்கே காட்டில் தானாக வளர்வது கிளைகளைக் கிடைமட்டமாக விரித்து நிற்கும் வகை. பட்டை நீளவாக்கில் முறுக்கேறி, சாம்பல் நிறத்தில் இருக்கும். மினோவன் காலத்து (கிரீட்டின் வெண்கலக் கால நாகரிகம்) அரண்மனைகளின் தூண்களுக்கு உதவியது கிரீட்டின் சைப்ரஸ்தான் என்பார்கள். இறக்கம் சற்றுத் தணியும் இடத்தில் புனித நிக்கோலஸ் பெயரில் ஒரு சிறு கல் தேவாலயம் இருக்கிறது. அதைச் சுற்றி நிற்கும் சைப்ரஸ்கள் பல நூற்றாண்டு கண்டவை. ஓய்வெடுக்க இதைவிட நல்ல இடம் பாதையில் இல்லை. பையை இறக்கிவைத்துவிட்டு ஒரு மரத்தைச் சுற்றி நடந்து பாருங்கள்.

ஓமலோஸ் பக்கத்திலும் மேல் சரிவுகளிலும் செல்கோவா என்ற மரமும் உண்டு. கிரீட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இயல்பாக வளராத இனம். அதன் கெட்டியான கட்டையில்தான் இந்த மலை இடையர்கள் வளைந்த கைத்தடி செய்வார்கள். பாறை இடுக்குகளில் தொங்கும், வெண்பஞ்சு போர்த்திய வட்ட இலைச் செடி டிக்டமோ. காயத்துக்கும் வயிற்றுக்கும் மருந்தாகப் பழங்காலத்திலிருந்தே புகழ்பெற்றது. பறிக்கக் கூடாது. தேநீராகக் குடிக்க ஆசையிருந்தால் ஹானியா சந்தையில் பயிரிட்டது கிடைக்கும்.

பாதிவழிக்குச் சற்று முன்னதாக மரப்பாலம் தாண்டினால் சமாரியா கிராமம். பழைய வீடுகளில் சிலவற்றைச் சீரமைத்துக் காவலர்களுக்கும் முதலுதவிக்கும் வைத்திருக்கிறார்கள். நிழல், குழாய், கழிப்பறை, மேசைகள் எல்லாம் உண்டு. மதிய உணவுக்கு எல்லோரும் இங்கேதான் உட்காருவார்கள், கிரி-கிரியும் வரும். படத்தில் கம்பீரமாகப் பாறை முனையில் நிற்கும் விலங்கு இங்கே உங்கள் ரொட்டியை வேவு பார்த்துக்கொண்டு மேசையைச் சுற்றும். கொடுக்காதீர்கள். கிராமத்துக்கு அருகே எகிப்தின் மரியா என்ற துறவிப் பெண்ணின் பெயரில் 1379ஆம் ஆண்டைச் சேர்ந்த தேவாலயம் ஒன்றும் இருக்கிறது. உள்ளே பழைய சுவரோவியங்கள்.

நடக்க முடியவில்லை என்றால் முடிவெடுக்க வேண்டிய இடமும் இந்தக் கிராமம்தான். காவலர்களிடம் சொல்லுங்கள். காயம்பட்டவர்களைக் கோவேறு கழுதைமேல் ஏற்றிக் கீழே கொண்டுபோகும் ஏற்பாடு அவர்களிடம் உண்டு. வெட்கப்பட்டு நொண்டிக்கொண்டே போய் ஆற்றுப்படுகையில் உட்கார்ந்துவிட்டால் எல்லோருக்கும் சிரமம். அவசர எண் 112.

கிராமத்துக்குப் பிறகு காடு விலகி, சுவர்கள் நெருங்கும். பாதை பெரும்பாலும் ஓடைப்படுகையில்தான். கூழாங்கல் மேல் நடை, இடையிடையே பலகைகள். ஓடையோரம் பிளேன் மரங்கள் கொஞ்சம் நிழல் தரும். 'கல் விழும் இடம், வேகமாக நடக்கவும்' என்ற எச்சரிக்கைப் பலகைகளை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே ஆடுகள் நடந்தாலே கல் உருளும், காற்றடித்தாலும் உருளும். அங்கே நின்று படம் எடுப்பது, உட்கார்ந்து சாப்பிடுவது இரண்டும் வேண்டாம்.

பதினொன்றாவது கிலோமீட்டரைத் தாண்டினால் இரும்பு வாயில் என்று அழைக்கப்படும் இடம் வருகிறது. சுமார் 300 மீட்டர் உயரச் சுவர்கள் மூன்று, நான்கு மீட்டர் இடைவெளிக்கு நெருங்கிவிடும்; நடுவே ஓடை, அதன்மேல் மரப்பலகை நடைபாதை. படம் எடுக்கும் வரிசை இருக்கும். ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுவீர்கள்.

விதிகள் அதிகமில்லை, ஆனால் கண்டிப்பானவை. தீ மூட்டக் கூடாது. இரவு தங்கக் கூடாது. ஓடையில் குளிக்கக் கூடாது, அந்த நீல நீர் எவ்வளவு அழைத்தாலும். நாயைக் கொண்டுவரக் கூடாது. குறிக்கப்பட்ட ஓய்விடங்களைத் தவிர வேறெங்கும் புகைக்கக் கூடாது. சத்தமாகப் பாட்டு வைப்பதும் தடைதான். பாம்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: மனித உயிருக்கு ஆபத்தான விஷப்பாம்பு கிரீட்டில் இல்லை.

பூங்காவின் எல்லை பதின்மூன்றாவது கிலோமீட்டர் வாக்கில் முடிகிறது. சீட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் நடை முடிந்தது என்று மனம் சொல்லும்; கடலுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கிறது. பழைய அகியா ரூமேலியின் ஆளில்லாத வீடுகள் வழியாக, நிழலற்ற பாதை. இந்த மூன்று கிலோமீட்டர்தான் மிகச் சலிப்பானது. எல்லைக்கு வெளியே கடைகளில் ஆரஞ்சுச் சாறு கிடைக்கும், ஊர்வரை சிறு வேனும் ஓடுகிறது. ஏறிக்கொள்வதில் அவமானம் ஒன்றுமில்லை.

கடற்கரையில்

வந்ததும் முதல் வேலை படகு டிக்கெட். சாப்பாடு அதற்குப் பிறகு. கடற்கரை கருமையான கூழாங்கல். மதிய வெயிலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. தண்ணீரோ தெளிந்த நீலம், உடனே ஆழமாகிவிடும். நீச்சல் தெரியாதவர்கள் ஓரத்திலேயே நிற்கட்டும்.

இரவு தங்குகிறவர்களுக்குக் கூட்டம் படகேறிய பிறகுள்ள ஊர் வேறு. மாலையில் ஊருக்கு மேலுள்ள துருக்கியர் காலக் கோட்டைவரை ஏறிப் பார்க்கலாம், கால் சம்மதித்தால். 1941 மே மாதம் ஜெர்மானிய பாராசூட் படை கிரீட்டில் இறங்கியபோது, கிரேக்க மன்னர் இரண்டாம் ஜார்ஜ் வெள்ளை மலைகளைக் கால்நடையாகக் கடந்து இந்தக் கரைக்குத்தான் வந்தார். பிரிட்டிஷ் போர்க்கப்பல் அவரை இங்கிருந்து எகிப்துக்கு ஏற்றிப் போனது. அவருக்கும் வேறு வழி இருக்கவில்லை, படகுதான்.

முழு தூரம் முடியாதவர்களுக்கு

சிறு குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருகிறவர்கள் முழுப் பாதையை விட்டுவிடலாம். காலையில் ஸ்ஃபாகியோனிலிருந்தோ சூகியாவிலிருந்தோ படகில் அகியா ரூமேலிக்கு வந்து, கீழிருந்து இரும்பு வாயில்வரை போய்த் திரும்பினால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடியும். காடு கிடைக்காது, பாறை கிடைக்கும். மாறாக மேலிருந்து ஓரிரு கிலோமீட்டர் இறங்கிக் காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறுவதும் உண்டு. வாசலில் அதைச் சொல்லிவிட்டே இறங்குங்கள், ஏறுவதற்கு இறங்கியதைப் போல இருமடங்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலுக்கு வந்து மூடியிருக்கிறது என்று தெரிந்தால் அன்றைய நாளை வீணாக்க வேண்டியதில்லை. வெயிலோ மழையோ எல்லா மலையிடுக்குகளையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. ஆனால் மழை எச்சரிக்கை நாளில் வேறொரு இடுக்குக்குள் நுழைவது மடத்தனம். சமாரியா மட்டும் மூடியிருக்கும் நாளாக இருந்தால் இரண்டு மாற்றுகள்: சூகியாவுக்கு மேலே உள்ள அகியா இரினி, ஏழு கிலோமீட்டர் சொச்சம், நல்ல நிழல்; ஸ்ஃபாகியோன் சாலையில் உள்ள இம்ப்ரோஸ், எட்டு கிலோமீட்டர், இறக்கமும் மிதமானது. இரண்டின் முடிவிலும் சாலை இருக்கிறது. இம்ப்ரோஸ் இறங்கினால் கோமிதாதெஸ் கிராமத்தில் வெளியே வருவீர்கள். அங்கிருந்து ஹோரா ஸ்ஃபாகியோன் போய், சீஸ் வைத்துத் தட்டி தேன் ஊற்றிய ஸ்ஃபாகியா அடையைச் சாப்பிட்டுவிட்டு, மாலை பஸ்ஸில் ஹானியா திரும்பலாம்.